நொறுங்கு நட்சத்திரம் கழற்றிவிட்ட கை மறுபடி வளர்வது எப்படி?

பாறைக் குட்டையில் ஒரு கல்லைப் புரட்டி, அடியில் இருந்த நொறுங்கு நட்சத்திரத்தை (பிரிட்டில் ஸ்டார்) ஒரு கையைப் பிடித்துத் தூக்கியிருக்கிறீர்கள். பிடித்த கை உங்கள் விரலிலேயே நெளிந்துகொண்டிருக்க, மிச்சம் நான்கு கைகளோடு அது கல்லிடுக்கில் புகுந்துவிட்டது. அந்தக் கை திரும்ப வளருமா, பல்லி வால் மாதிரி அரைகுறையாகவா, முழுசாகவா, எத்தனை நாள் ஆகும், கழன்ற துண்டு தனி உயிராகுமா என்று கேட்டிருக்கிறீர்கள். இத்தனைக்கும் அடியில் இன்னொரு கேள்வி இருப்பதாக எனக்குப் படுகிறது: நான் அதைக் கொன்றுவிட்டேனா? பெரும்பாலும் இல்லை. ஒரு கை போனதால் இவை சாவதில்லை. ஆனால் அதற்கு ஒரு பெரிய செலவு வைத்துவிட்டீர்கள். அது எப்படிப்பட்ட செலவு என்பதைப் புரிந்துகொள்ள, கை எப்படிக் கழல்கிறது, எப்படி வளர்கிறது என்று இரண்டையும் தனித்தனியாகப் பார்க்க வேண்டும். முட்தோலிகளை மைக்ராஸ்கோப்பில் பார்ப்பது பல வருடங்களாக என் வேலை. அதனால் கொஞ்சம் நீளமாகவே சொல்கிறேன்.

முதலில் இது நட்சத்திர மீன் அல்ல. நெருங்கிய உறவுதான், நட்சத்திர மீன், கடல் முள்ளெலி, கடல் அட்டை, கடல் அல்லி எல்லாம் சேர்ந்த முட்தோலிகள் தொகுதியில் இது ஒரு தனி வகுப்பு. இன்று உயிரோடிருக்கும் இனங்கள் மட்டும் 2,000க்கு மேல். நட்சத்திர மீனின் கைக்குள் செரிமானச் சுரப்பிகளும் இனப்பெருக்க உறுப்புகளும் நீண்டு கிடக்கும். நொறுங்கு நட்சத்திரத்தில் பெரும்பாலும் அப்படி இல்லை. வயிறு, இனப்பெருக்க உறுப்புகள் எல்லாம் நடுவில் இருக்கும் வட்டுக்குள் அடங்கிவிடும். கை என்பது நடக்கவும் தடவிப் பார்க்கவும் உணவைச் சேகரிக்கவும்தான். கையைத் துறந்தாலும் உயிர்நாடி போகாது என்பதற்கு இதுதான் அடிப்படைக் காரணம்.

அந்தக் கையின் அமைப்பையும் மனதில் வைத்துக்கொள்ளுங்கள். அது கணுக் கணுவாக அடுக்கப்பட்டது. ஒவ்வொரு கணுவின் நடுவிலும் சுண்ணாம்பாலான ஒரு உள்ளெலும்பு, அதைச் சுற்றி மேலே ஒன்று, கீழே ஒன்று, பக்கத்துக்கு ஒன்று என நான்கு தகடுகள். பக்கத் தகடுகளில் முட்கள். அடிப்புறம் ஒரு ஜோடி குழாய்க்கால்கள். கணுவுக்கும் கணுவுக்கும் இடையே நான்கு தசைக்கட்டுகள். கை நெடுக ஒரு நரம்பு வடம், ஒரு நீர்க்குழாய், திரவம் நிறைந்த ஒரு குழிவு. பென்சில் முனையை விட மெல்லிய கையில்கூட இத்தனையும் கணுவுக்குக் கணு திரும்பத் திரும்ப இருக்கும். திரும்ப வளர்வது என்றால் இவை அத்தனையும் வர வேண்டும்.

இப்போது கழல்வது. நொறுங்கு என்ற பெயரை வைத்து, இது எளிதில் உடையும் பொருள், இழுத்தால் அறுந்துவிடும் என்று பலரும் நினைக்கிறார்கள். அப்படி இல்லை. அமைதியாக இருக்கும் விலங்கின் கை நன்றாகவே இழுவை தாங்கும். விலங்கே விட்டுக்கொடுத்தால்தான் அது கழலும். கொலாஜன் என்ற புரத இழைகள் நிறைந்த, முட்தோலிகளின் இணைப்புத் திசுவுக்கு ஒரு விசேஷம் உண்டு. நரம்பு உத்தரவிட்டால் அந்தத் திசு நொடிகளில் இறுகும், அல்லது இளகும். நம் உடம்பின் தசைநார் அப்படி நினைத்த நேரத்தில் இளகாது. இயன் வில்கி என்ற ஆய்வாளர் 1970களிலிருந்தே இதை நொறுங்கு நட்சத்திரங்களில் விரிவாகப் படித்திருக்கிறார். தசைகள் எலும்போடு சேரும் தசைநாண்களும், எலும்பை எலும்போடு கட்டும் நார்களும் ஒரு குறிப்பிட்ட மூட்டில் மட்டும் இளகிவிடுகின்றன. மீதி வேலையைத் தசைகளின் இழுப்பே முடித்துவிடும். நரம்பு முனைகளோடு ஒட்டியிருக்கும், துகள்கள் நிறைந்த ஒருவகைச் செல்கள்தான் இந்த இளக்கத்தை நடத்துகின்றன என்பதற்கு வலுவான ஆதாரம் இருக்கிறது. அவை சரியாக எந்தப் பொருளைச் சுரந்து கொலாஜன் பிடியை விடவைக்கின்றன என்பதில் ஆய்வு இன்னும் முடிந்தபாடில்லை.

இது நரம்பின் வேலைதான் என்பதற்கு ஆய்வகத்தில் எளிய சான்று உண்டு. மக்னீசியம் குளோரைடு கலந்த கடல்நீரில் வைத்து விலங்கை மயக்கிவிட்டால், கையைக் கத்தியால் வெட்டினாலும் அது தானாகக் கழற்றாது. மயக்கம் இல்லாத விலங்கின் கையை இடுக்கியால் பிடித்தால், பிடித்த இடத்துக்குச் சற்று உட்புறமாக, வட்டின் பக்கம் இருக்கும் மூட்டில் கழன்று வரும். அந்த முகத்தை மைக்ராஸ்கோப்பில் வைத்துப் பாருங்கள். பிய்ந்த நார்கள், சிதைந்த சதை என்று எதிர்பார்ப்போம். இருப்பதோ சீரான மூட்டு முகம். எலும்பின் குமிழ்களும் பள்ளங்களும் துடைத்து வைத்ததுபோல் தெரியும். தசைகள் நடுவில் அறுந்திருக்காது, ஒட்டியிருந்த ஓரத்தில் விடுபட்டிருக்கும். உள்ளிருக்கும் திரவம் கொஞ்சம்தான் கசியும். காயம் சின்னதாக இருக்கும்படியே கழற்றல் நடக்கிறது.

கழன்ற துண்டைப் பற்றிக் கேட்டீர்கள். அதில் நரம்பு வடம் இருப்பதால் கொஞ்ச நேரம் நெளிந்துகொண்டே இருக்கும். பிடித்தவரின் கவனம் அதில் நிற்கும். ஓபியோப்சிலா என்ற பேரினத்தில் இது இன்னும் ஒரு படி மேலே போகிறது: அதன் கைகள் பச்சை ஒளி வீசும், கழன்ற துண்டும் மின்னும். இருட்டில் வேட்டையாடும் விலங்கு மின்னுகிற துண்டைத் துரத்த, உடலுக்கு உரியவர் எதிர்த்திசையில் போய்விடலாம். ஆனால் அந்தத் துண்டு இன்னொரு நொறுங்கு நட்சத்திரமாக வளராது. அதற்கு வாயில்லை, வயிறில்லை. லிங்கியா என்ற நட்சத்திர மீன் வகையில் ஒற்றைக் கையிலிருந்து முழு விலங்கு முளைக்கும். அந்தச் செய்தி எல்லா ஐந்து கை விலங்குகளுக்கும் பொதுவாகப் பரவிவிட்டது என்று நினைக்கிறேன். இன்னொன்று உண்டு, அது எனக்கு மிகவும் பிடித்த சோதனை. ஆம்பியூரா ஃபிலிபார்மிஸ் என்ற இனத்தில் கையின் நடுப்பகுதியை இருபுறமும் வெட்டித் தனியாக எடுத்து, கடல்நீரில் வைத்துப் பார்த்திருக்கிறார்கள். வட்டும் இல்லை, உணவும் இல்லை. ஆனாலும் அந்தத் துண்டு வாரக்கணக்கில் உயிரோடிருந்து, நுனிப்பக்கம் புதிய கையை வளர்க்கத் தொடங்கியது. வளர்ச்சியைத் தொடங்கும் கட்டளை வட்டிலிருந்து வர வேண்டியதில்லை, கைக்குள்ளேயே இருக்கிறது என்று அதிலிருந்து தெரிந்துகொண்டோம்.

சரி, மறுவளர்ச்சிக்கு வருவோம். முதலில் காயம் மூடவேண்டும். உடல்குழிவுத் திரவத்தில் மிதக்கும் செல்கள் ஓடிவந்து அடைப்பாகத் திரள்கின்றன. ஓரங்களிலிருந்து தோல் செல்கள் நகர்ந்து வந்து முகத்தை மூடுகின்றன. ஆம்பியூராவில் இதெல்லாம் சில நாட்களுக்குள் நடந்துவிடும். அப்புறம் மூடிய தோலுக்கு நடுவில் ஒரு சின்ன மேடு எழும்பும். நீர்க்குழாயும் நரம்பும் உடல்குழிவும் அந்த மேட்டுக்குள் விரல் நீட்டுவதுபோல் நீளும். இன்னும் எதுவாக ஆவதென்று முடிவாகாத, வேகமாகப் பிரியும் செல்கள் அங்கே சேரும். இந்த மொட்டைப் பிளாஸ்டீமா என்பார்கள். பழைய கையின் அகலத்தோடு ஒப்பிட்டால் இது மிகச் சிறியது. தடித்த அடிக்கட்டையின் நடுவிலிருந்து ஊசி முனை மாதிரி, வெளிறிய, கண்ணாடித்தன்மையுள்ள ஒன்று நீட்டிக்கொண்டிருக்கும்.

இதற்கு அடுத்து நடப்பதுதான் என்னைப் பொறுத்தவரை முழு விஷயத்தின் சாரம். புதிய கை அடியிலிருந்து ஒவ்வொரு கணுவாக வெளிநோக்கி அடுக்கப்பட்டு, கடைசியில் நுனி வரும் என்றுதான் யாரும் ஊகிப்போம். நடப்பது வேறு. நுனிதான் முதலில் வருகிறது. கையின் கடைசியில் இருக்க வேண்டிய முனைத் தகடு ஆரம்பத்திலேயே உருவாகி, நீர்க்குழாயின் முனையை மூடிக்கொள்கிறது. பிறகு அந்த நுனிக்குச் சற்றுப் பின்னால், ஒரே இடத்தில், கணுக்கள் ஒன்றன்பின் ஒன்றாகப் பிறக்கின்றன. ஒவ்வொரு புதுக் கணுவும் பிறக்கும்போது நுனி இன்னும் கொஞ்சம் வெளியே தள்ளப்படும். ஆகவே வளர்ந்துகொண்டிருக்கும் கையில் மிகப் பழைய புதுக் கணு அடிக்கட்டையை ஒட்டி இருக்கும், மிக இளைய கணு நுனிக்குப் பின்னால் இருக்கும். அடிக்கட்டை ஏற்கெனவே இருக்க, நுனி முதலில் வந்து, இடையில் இருப்பதைப் பிறகு நிரப்புவது போன்ற ஏற்பாடு.

இதன் பலனை மைக்ராஸ்கோப்பில் பார்க்கும்போது ஒரே கையில் முழு வரலாறும் தெரியும். நுனிப்பக்கம் பார்த்தால் கணு என்று சொல்லும்படி எதுவும் இராது, மெல்லிய பிரிவுக்கோடுகள் மட்டும். சற்று உள்ளே வந்தால் பக்கவாட்டில் இரண்டு குமிழ்கள்: வருங்காலக் குழாய்க்கால்கள். இன்னும் உள்ளே தோலுக்கடியில் முக்கூர் நட்சத்திரம் போன்ற நுண்ணிய சுண்ணாம்புக் கம்பிகள், அவை கிளைத்து, கிளைகள் ஒன்றோடொன்று கூடி, துளைகள் நிறைந்த வலையாகின்றன. அந்த வலைதான் தகடு. அதற்கும் உள்ளே முட்கள் நீள ஆரம்பித்திருக்கும், தசைகள் துடிக்கும், குழாய்க்கால்கள் நீண்டு சுருங்கும். அடிக்கட்டையை ஒட்டிய கணுக்கள் வேலைக்குத் தயாராக இருக்கையில், நுனியில் இன்னும் புதியவை பிறந்துகொண்டிருக்கும். விபத்தே நேராத இளம் விலங்கின் கையும் இதே முறையில்தான் நீள்கிறது. ஆகவே மறுவளர்ச்சிக்கென்று தனிச் சட்டம் எதுவும் இல்லை. இயல்பான வளர்ச்சியே இன்னொரு இடத்திலிருந்து மறுபடி தொடங்குகிறது. பல்லி வாலில் புது முள்ளெலும்புகள் வருவதில்லை, குருத்தெலும்புக் குழாய் ஒன்றுதான் வரும். இங்கே எலும்பு, தகடு, முள், தசை, நரம்பு என்று எல்லாமும் வருகின்றன. உங்கள் கேள்விக்கு நேர் பதில்: முழுசாகவே வளரும்.

ஆனால் வேகம் ஒரே மாதிரி இல்லை. சாம் டுபாண்டும் மைக் தார்ன்டைக்கும் ஆம்பியூராவில் செய்து 2006இல் வெளியிட்ட ஆய்வு இதைத் தெளிவாக்கியது. கையை நுனிக்கு அருகில் வெட்டினால், இழப்பு கொஞ்சம். அப்போது புதுப்பகுதி மெதுவாக நீளும், ஆனால் முளைத்த கணுக்கள் சீக்கிரம் முதிர்ந்து வேலைக்கு வந்துவிடும். அடிக்கு அருகில் வெட்டினால், இழப்பு அதிகம். அப்போது நீளத்துக்கே முன்னுரிமை, மெல்லிய கை விறுவிறுவென நீளும், கணுக்கள் முதிர்வது தள்ளிப்போகும். எவ்வளவு போயிற்று என்பது வெட்டுப்பட்ட இடத்துக்கு எப்படியோ தெரிந்திருக்கிறது. எப்படித் தெரிகிறது என்பதற்கு இன்றுவரை உறுதியான விடை இல்லை; வெட்டுப்பட்ட இடத்தில் கையின் தடிமன் ஒரு குறிப்பாக இருக்கலாம், கை நெடுக அளவு மாறிக்கொண்டே போகும் ஏதோ ஒரு வேதிப்பொருள் இருக்கலாம். அந்த விடைக்காகத்தான் நான் அதிகம் காத்திருக்கிறேன்.

புதிய செல்கள் எங்கிருந்து வருகின்றன என்பதும் பாதிதான் தெரிந்த விஷயம். சில இனங்களில், குறிப்பாக மெதுவாக வளரும் ஓபியோடெர்மாவில், அடிக்கட்டையில் இருக்கும் தசைகள் தங்கள் அமைப்பைக் கலைத்துக்கொள்வதைத் தெளிவாகப் பார்க்க முடிகிறது. அப்படிக் கலைந்த தசைச் செல்கள் எல்லாம் புதிய திசுவாக மாறுகின்றனவா, அல்லது ஒரு பகுதி வெறும் கழிவாகி உணவாகப் போகிறதா என்பதில்தான் விவாதம். மரபணுப் பக்கம் நிலைமை கொஞ்சம் உறுதி. லார்வாப் பருவத்தில் எலும்புக் கம்பிகளைக் கட்டிய அதே மரபணுக்கள் பலவும், வளர்ந்த விலங்கின் கையில் தகடு கட்டும்போது மறுபடி இயங்குகின்றன. எப்ஜிஎப் (FGF) என்ற சமிக்ஞைப் பாதையை, அதாவது செல்கள் ஒன்றுக்கொன்று செய்தி அனுப்பும் வழியை, மருந்தால் தடுத்தால் எலும்பு வருவது நின்றுவிடும். நாட்ச் என்ற பாதையைத் தடுத்தால் மறுவளர்ச்சியே பாதிக்கப்படும். 2024இல் ஆம்பியூராவின் முழு மரபணுத்தொகுதியும் வெளியானது. காயத்துக்கான எதிர்வினை, செல் பெருக்கம், திசுவாக முதிர்தல் என்று மூன்று அலைகளாக மரபணுக்கள் இயங்குவதை அந்த ஆய்வு காட்டியது. செல் பெருக்கக் கட்டத்து மரபணுக்கள் பல, கால் திரும்ப முளைக்கும் ஆக்சோலோட்டில் என்ற சாலமாண்டரிலும் (பல்லி வடிவ நீர்நிலவாழ்வி) பாரியாலே என்ற சிறு ஓட்டுடலியிலும் அதே கட்டத்தில் இயங்குகின்றன. இதை வைத்து ‘மனிதருக்கும் கை முளைக்கும்’ என்று தலைப்புப் போடுபவர்களை நம்பவேண்டாம். பொதுவான மரபணுக்கள் இருப்பது வேறு, அவற்றைச் சரியான இடத்தில் சரியான வரிசையில் இயக்கும் ஏற்பாடு இருப்பது வேறு.

எத்தனை நாள் என்ற கேள்விக்கு ஒற்றை எண் தர முடியாது. இனம், நீரின் வெப்பம், உணவு, எவ்வளவு கை போயிற்று என்பது நான்கும் தெரிந்தால்தான் மதிப்பிடலாம். நீங்கள் சொன்ன விவரத்திலிருந்து இனத்தை என்னால் அடையாளம் காண முடியவில்லை. ஆம்பியூரா போன்ற வேகமான இனங்களில் சில வாரங்களிலேயே பயன்படும் கை ஒன்று வந்துவிடும், பழைய தடிமனை எட்ட மாதங்கள் ஆகும். அண்டார்டிக் கடலின் ஓபியோனோட்டஸ் விக்டோரியே இனத்திலோ காயம் மூடிய பிறகு வளர்ச்சி என்று ஒன்று வெளியே தெரியவே மாதக்கணக்கில் ஆகிறது. குளிர்ந்த நீரில் எல்லாமே நிதானம்தான்.

கையோடு நிற்காத இனங்களும் இருக்கின்றன. மைக்ரோபியோபோலிஸ் என்ற வகை வட்டின் மேல்தோலையே, உள்ளிருக்கும் வயிற்றோடும் இனப்பெருக்க உறுப்புகளோடும் சேர்த்துக் கழற்றிவிடும். வாய்ச்சட்டமும் கைகளும் மட்டும் மிஞ்சும். வயிறு இல்லாமல் வயிற்றை எப்படி வளர்ப்பது? சேர்த்து வைத்த சத்து ஒரு பங்கு. கடல்நீரில் கரைந்திருக்கும் அமினோ அமிலங்களைத் தோல் வழியே உறிஞ்சிக்கொள்வது இன்னொரு பங்கு. ஓபியாக்டிஸ் சாவிக்னியி என்ற ஆறு கை இனம் வேண்டுமென்றே நடுவட்டைப் பாதியாகப் பிளந்துகொள்ளும். பாதிக்கு மூன்று கை. இரண்டு பாதிகளும் மிச்ச மூன்றை வளர்த்துக்கொண்டால் விலங்கு இரண்டாகிவிட்டது. இங்கே மறுவளர்ச்சியே இனப்பெருக்கமாகிறது. ஜெர்மனியின் நுஸ்ப்ளிங்கன் சுண்ணாம்புப் பாறையில் கிடைத்து 2024இல் விவரிக்கப்பட்ட ஓபியாக்டிஸ் ஹெக்ஸ் என்ற புதைபடிவம், இப்படிப் பாதி வளர்ந்துகொண்டிருந்த நிலையிலேயே பதிந்துபோனது. அதன் வயது சுமார் 15.5 கோடி ஆண்டுகள்.

செலவு என்று தொடக்கத்தில் சொன்னேன். கை போன காலத்தில் உணவு சேகரிக்கும் கருவி குறைகிறது, அதே நேரத்தில் சுண்ணாம்பும் புரதமும் அதிகம் தேவைப்படுகின்றன. முட்டைக்குப் போக வேண்டிய சத்து கைக்குத் திரும்பும். நடப்பதில் அவ்வளவு சிரமமில்லை. இவற்றுக்கு முன் பின் என்று நிலையான பக்கம் இல்லை, எந்தக் கையையும் முன்னணியாக வைத்து நடக்கும். சேற்றில் புதைந்து கைகளை மட்டும் மேலே நீட்டி வாழும் ஆம்பியூராக்களை வாரி எடுத்துப் பார்த்தால், பெரும்பாலானவற்றில் ஏதாவது ஒரு கை வளர்ந்துகொண்டிருக்கும். தட்டைமீன்கள் நுனியை மேய்ந்துகொண்டே இருக்கின்றன. ஆக, அவற்றுக்கு இது ஒருநாள் விபத்தல்ல, வாழ்நாள் முழுக்கக் கட்டும் வரி. கடல் அமிலமாகும்போது அந்த வரி கூடும் என்பதற்கும் சான்று உண்டு. 2008இல் வெளியான ஒரு சோதனையில், அமிலத்தன்மை கூட்டிய நீரில் 40 நாள் வைத்த ஆம்பியூராக்கள் சுண்ணாம்பு கட்டுவதைக் குறைக்கவில்லை, கூட்டின. ஆனால் கைத்தசை கரைந்துபோயிற்று. எலும்பு வந்தது, அதை அசைக்கும் தசை போயிற்று.

இனி கையாளும்போது கையைப் பிடிக்காதீர்கள். வட்டுக்கு அடியில் உள்ளங்கையையோ தட்டையான கிண்ணத்தையோ கொடுத்து, நீரோடு சேர்த்து ஏந்துங்கள். புரட்டிய கல்லை அதே பக்கம் கவிழ்த்து வையுங்கள், ஆனால் விலங்கை முதலில் ஒதுக்கிவிட்டு. ஒரு விலங்கிடம் பழைய இழப்பு இருக்கிறதா என்று அறிய, கையில் தடிமன் திடீரென்று குறையும் இடத்தைத் தேடுங்கள். அதற்கு அப்பால் நிறமும் வெளிறியிருந்தால் அது புதுப்பகுதி. தொட்டியில் வளர்ப்பவர்களுக்கு ஒன்று: பிடிபட்டு ஒரே ஒரு கையை மூட்டில் சுத்தமாகக் கழற்றிய விலங்கைப் பற்றிப் பயப்பட வேண்டாம், அமைதியான மறைவிடமும் உணவும் போதும். யாரும் தொடாமலே கைகள் துண்டு துண்டாக உதிர்ந்து, வட்டின் தோலும் கரைய ஆரம்பித்தால் அது தற்காப்பு அல்ல. முட்தோலிகளால் உடலின் உப்பளவைச் சுற்றியுள்ள நீரிலிருந்து வேறாக வைத்துக்கொள்ள முடியாது. பெரும்பாலும் உப்பு திடீரென்று மாறியிருக்கும், அல்லது நீர் கெட்டிருக்கும். அப்போது கை வளருமா என்று காத்திருக்காமல் முதலில் உப்பளவை அளந்து பாருங்கள்.